இடுப்பு உயரம்

மூணாறுக்கு மேலே, எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடைக்கரையில் ஒரு தேயிலை மரம் நின்றது. செடி என்று சொல்ல முடியாது, மரமேதான். எந்த ஃபீல்டின் கணக்கிலும் சேராமல் தப்பி, கவாத்துக் கத்தி படாமல் வளர்ந்து, எங்கள் தகரக் கூரையைத் தாண்டிவிட்டது. சிறுவர்கள் நாங்கள் அதில் ஏறி விளையாடுவோம். சாயங்காலம் இடுப்பில் படங்கும் முதுகில் ஈரமுமாகத் திரும்பும் அம்மா அதை அண்ணாந்து பார்த்து, "வளந்து என்னத்துக்கு? ஒரு கொழுந்து கைக்கு எட்டுதா?" என்பாள். அவள் மரத்தைத்தான் சொன்னாள். அது போதகர்களுக்கும் பொருந்தும் என்று எனக்கு விளங்க நாற்பது வருஷம் பிடித்தது.

நான் ஓய்வுபெற்ற போதகன். பிறந்த எஸ்டேட்டுக்குப் பக்கத்து எஸ்டேட்டிலேயே உபதேசியாராக ஊழியத்தைத் தொடங்கினேன். பிறகு பாலக்காட்டின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பல வருஷம் இருந்தேன். இரண்டு இடமும் கேரளம்தான், இரண்டிலும் ஆராதனை தமிழில்தான். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால் கோபாலபுரத்தில் எல்லை தாண்டி, பொள்ளாச்சி, உடுமலை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் சுற்றி, சின்னாறு செக்போஸ்டில் மறுபடி கேரளத்துக்குள் நுழைந்து, மறையூர் ஏறிப் போகவேண்டும். எல்லையில் வாழ்கிறவனுக்கு ஒரு நன்மை உண்டு. இந்தப் பக்கமும் முழுக்கத் தெரியாது, அந்தப் பக்கமும் முழுக்கத் தெரியாது. அதனால் யாரிடமாவது கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். நான்தான் அந்த நன்மையை வெகுநாள் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

கத்தி பிடிச்சிருக்கியா?

1982. எனக்கு இருபத்துநான்கு வயது. வேதாகமப் பள்ளியிலிருந்து புதிதாக வந்த உபதேசியார். யோவான் சுவிசேஷத்தின் பதினைந்தாம் அதிகாரத்தை, திராட்சைச் செடியும் கொடிகளும் வரும் பகுதியை, எடுத்துப் பிரசங்கித்தேன். எஸ்டேட் சனங்களுக்குப் புரியட்டும் என்று கவாத்தை உவமையாக வைத்தேன். சபையில் ஒழுங்கில்லாதவர்களைக் கர்த்தர் வெட்டிப் போடுவார், குடிக்கிறவர்களை வெட்டிப் போடுவார் என்று கையை வீசி வீசிக் காட்டினேன்.

ஆராதனை முடிந்ததும் ஒரு பெரியவர் வாசலில் காத்திருந்தார். முப்பது வருஷம் கவாத்து வெட்டியவர். "தம்பி, நீ கவாத்துக் கத்தி பிடிச்சிருக்கியா?" என்றார்.

நான் பிடித்ததில்லை. நான் பிடிக்கக்கூடாது என்றுதானே அம்மா கொழுந்தெடுத்துப் படிக்க வைத்தாள்.

மறுநாள் காலை மஸ்டர் முடிந்ததும் என்னை ஃபீல்டுக்குக் கூட்டிப்போனார். அவர் அன்று காட்டியதை எந்தப் பள்ளியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கவாத்து கெட்ட செடிக்குச் செய்வதில்லை, நன்றாகக் கொழுந்து தருகிற செடிக்குத்தான் செய்கிறார்கள். விட்டால் தேயிலை முப்பது அடிக்கு மேல் போய்விடும். பூக்கும், காய்க்கும், கொழுந்து மட்டும் யாருக்கும் எட்டாது. அதனால் நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை கீழே இறக்கி வெட்டி, எடுக்கிறவளின் இடுப்பு உயரத்தில் தட்டையாக வைக்கிறார்கள். கத்தி கூர்மையாக இருக்கவேண்டும். ஒரே வெட்டு, சாய்வாக. கத்தி மழுங்கினால் கிளை பிளந்து நோய் ஏறும். சில செடிகளில் ஓரத்தில் ஒன்றிரண்டு இலைக்கிளைகளை வெட்டாமல் விடுவார்கள், "மூச்சு விடட்டும்னு". வெட்டியபின் இரண்டு மூன்று மாதம் ஃபீல்டு குச்சிக்காடாக நிற்கும், பார்க்கப் பாவமாக இருக்கும்.

"நேத்து நீ சொன்ன மாதிரி வெட்டினா துரை என்னைத்தான் வெட்டியிருப்பார்" என்று சொல்லிச் சிரித்தார்.

அறைக்குத் திரும்பி அந்த அதிகாரத்தை மறுபடி திறந்தேன். கனிகொடுக்கிற கொடியைத்தான் சுத்தம்பண்ணுவதாக அங்கே தெளிவாக எழுதியிருந்தது. எத்தனை முறை படித்திருப்பேன்! எழுத்தறியாத அந்த மனிதர் அந்த வசனத்தைத் தன் கையால் படித்திருந்தார்.

இறைமாட்சிக்கு அடுத்த பக்கம்

கிறிஸ்தவர்கள் 'தாழ்மை' என்ற சொல்லை அதிகம் புழங்குகிறோம். தலையைக் குனிந்து, குரலைத் தணித்து, 'அடியேன்' போட்டுக் கடிதம் எழுதினால் தாழ்மை என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படிப் பேசும் பலர் யாருடைய சொல்லையும் கேட்காதவர்களாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். குரல் தணிந்திருக்கும், காது மூடியிருக்கும்.

அப்போஸ்தலர் நடபடிகள் பதினெட்டாம் அதிகாரத்தில் அப்பொல்லோ என்று ஒருவர் வருகிறார். அலெக்சாந்திரியாக்காரர், நாவன்மை மிக்கவர், வேதத்தில் வல்லவர். எபேசுவில் பேசுகிறார், ஆனால் அவருக்குத் தெரிந்தது பாதிதான். கேட்டுக்கொண்டிருந்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற கணவனும் மனைவியும் கூடாரம் தைத்துப் பிழைப்பவர்கள். அவர்கள் அவரைக் கூட்டத்தில் மடக்கவில்லை. தனியே அழைத்துப்போய் மீதியை விளக்குகிறார்கள். மேடைப் பேச்சாளர் ஒருவர் தையல் வேலை செய்யும் ஒரு பெண்ணிடமும் பாடம் கேட்டுக்கொண்டு போனார். ஆதிச் சபை இதை ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறது.

நம் வள்ளுவரும் இதை வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார். அரசனைப் பற்றிய பகுதியை 'இறைமாட்சி' என்று தொடங்குகிறார், அது 39ஆம் அதிகாரம். அதை அடுத்து வருபவை படையும் கோட்டையும் என்றா நினைக்கிறீர்கள்? கல்வி, கல்லாமை, கேள்வி. அவை முடிந்து இரண்டு அதிகாரம் தள்ளி, பெரியாரைத் துணைக்கோடல். இடித்துச் சொல்ல ஆள் இல்லாத மன்னன், கெடுப்பார் இல்லாமலே கெடுவான் என்பது அங்கே அவர் சொல்லும் கருத்து. தமிழில் 'கேள்வி' என்றால் காதால் கேட்பதும் அதுதான், வாயால் கேட்பதும் அதுதான். தலைவனுக்கு இரண்டும் வேண்டும் என்று ஒரே சொல்லில் மொழி முடித்துவிட்டது.

மணலில் எழுதியவர்

பாலக்காட்டு எல்லைக்கு மாறிப்போனபோது வேறொரு சிக்கல். எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை என்று சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஊர்களில் வீட்டிலும் கடையிலும் தமிழ்தான். தமிழ்க் கத்தோலிக்கரும் அங்கே நிறைய. கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து சுல்தான்பேட்டை மறைமாவட்டம் 2013 டிசம்பரில் உருவானது. ஆனால் வில்லேஜ் ஆபீசில் காகிதம் மலையாளத்தில் இருக்கும். நான் எஸ்டேட்டில் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். மலையாளம் காதுக்குப் புரியும், கண்ணுக்குப் புரியாது. கல்லறைத் தோட்டத்துப் பத்திரத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் எனக்கு ஒன்றுதான்.

ஞாயிறு பள்ளிக்கு வரும் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "ஐயா, உங்களுக்கு வாசிக்கத் தெரியாதா?" மற்ற பிள்ளைகள் முன்னால் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு நொடி, அதட்டிவிடலாம் என்று வாய் வரை வந்தது. பிறகு, "தெரியாதும்மா, சொல்லித் தர்றியா?" என்றேன். ஞாயிறுதோறும் பதினைந்து நிமிடம். 'ழ' எழுதும்போது என் கையைப் பிடித்துத் திருத்துவாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் என்னிடம் பயமில்லாமல் பேசினார்கள். வீட்டில் அப்பா அடிப்பதைக்கூடச் சொன்னார்கள். எழுத்துப் படிக்கப் போனவனுக்கு ஊரே திறந்தது.

அப்போதுதான் சீகன்பால்குவின் கதை எனக்கு வேறு மாதிரி விளங்கியது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய அந்த ஜெர்மானியர், தமிழ் படிக்க வழி தெரியாமல், ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தன் இருப்பிடத்திலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து விரலால் மணலில் எழுத்துப் பழகினார். ஒன்பது ஆண்டில், 1715இல், தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. அச்சுப் புத்தகத்தைத்தான் நாம் கொண்டாடுகிறோம். மணலில் உட்கார்ந்தது அதற்கு முந்திய வேலை.

720 அடி

இதெல்லாம் தெரிந்தும் நான் மரமானேன். அதையும் சொல்லவேண்டும்.

2004 கோடை. அந்தப் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழை பேருக்குத்தான் எட்டும். ஆழியாற்றுத் தண்ணீரைப் பார்த்துத் தென்னை நிற்கும். தொடர்ந்து மழை பொய்த்த காலம். கோயில் வளாகத்தில் போர் போடலாம் என்று நான் முடிவு செய்தேன். கமிட்டியில் சொன்னேன். "ஐயா சொன்னா சரிதான்" என்றார்கள். அந்த மூன்று சொற்கள் எனக்கு அப்போது இனிப்பாக இருந்தன.

கோயிலில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை இளவயதில் கிணறு வெட்டியவர். கமிட்டியில் அவருக்கு நாற்காலி இல்லை. வாசற்படியில் நின்று, "ஐயா, சுத்துவட்டாரத்துல போர் எல்லாம் காஞ்சு கிடக்கு. பழைய கிணத்தத் தூர் வாரிட்டு, கோயில் ஓட்டுத் தண்ணிய அதுல விட்டா..." என்று இழுத்தார். "பார்க்கலாம்" என்றேன். 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

திருச்செங்கோட்டு வண்டி வந்து இரவெல்லாம் ஓடியது. 720 அடி. விடிந்தபோது வேப்பமரம், கொடிக்கம்பம், என் வெள்ளை அங்கி எல்லாவற்றிலும் பாறைப்பொடி. ஒரு குடம் தண்ணீர் இல்லை. இரண்டு வருஷ அறுப்பின் பண்டிகையில் கூலிக்காரச் சனங்கள் ஒரு தேங்காயையும் ஒரு பூசணிக்காயையும் போட்டி போட்டு ஏலம் எடுத்துச் சேர்த்த பணம் அது.

யாரும் என்னைக் கேட்கவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. இவ்வளவு பணம் மண்ணுக்குள் போயிருக்கிறது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் மேல் மரியாதை என்று நினைத்தேன். யோசிக்க யோசிக்க அது மரியாதை மட்டும் இல்லை என்று தெரிந்தது. சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டார்கள். நான் அவர்கள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தேன்.

அடுத்த ஞாயிறு பிரசங்க பீடத்தில் ஏறாமல் கீழே நின்று சொன்னேன்: கோயில்பிள்ளை சரியான யோசனை சொன்னார், நான் கேட்கவில்லை, உங்கள் பணத்தை வீணாக்கினேன், மன்னியுங்கள். பெண்கள் பகுதியில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வெளியே வந்ததும் கோயில்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்கய்யா. நான் வெட்டினதுலயும் ரெண்டு கிணறு பொய்ச்சிருக்கு. கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பேன்."

கிணற்றைத் தூர் வாரினோம். ஓட்டுத் தண்ணீரை மணலும் கரியும் போட்ட தொட்டி வழியாக அதில் இறக்கினோம். ஐப்பசி மழைக்கு இரண்டு ஆள் மட்டம் ஏறியது. அதன்பின் கமிட்டியில் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தேன். எந்த விஷயமானாலும் நாற்காலி இல்லாதவர்கள் முதலில் பேசவேண்டும், வயதில் சிறியவர் அடுத்து, போதகர் கடைசியில். நான் முதலில் பேசினால் மற்றவர்கள் என்னைத்தான் திரும்பச் சொல்வார்கள் என்பதை 720 அடி கற்றுத்தந்தது.

வெள்ளாளன்விளைக்காரர்

தமிழ்க் கிறிஸ்தவர்களில் கேட்டுக் கற்கும் தலைவர் ஒருவரைக் காட்டச் சொன்னால் பேராயர் அசரியாவைக் காட்டுவேன். 1874இல் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர். 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசில் மிஷனெரிகளை அனுப்புவதைப் பார்த்தார். எண்ணிக்கையில் திருநெல்வேலிச் சபை பெரியது. ஆனாலும் 'அவர்களிடம் நாம் என்ன கற்பது' என்று அவர் நினைக்கவில்லை. திரும்பி வந்து 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரிச் சங்கம் உருவாக முன்னின்றார். பிறகு ஒய்.எம்.சி.ஏ.வில் இருந்த பெரிய பொறுப்பை விட்டுவிட்டு, 1909இல், முப்பத்தைந்து வயதில், தெலுங்கு நாட்டு டோர்ணக்கலுக்குத் தானே மிஷனெரியாகப் போனார். சங்கத்தை நிறுவியவரே அதன் ஊழியராகி, ஒரு புது மொழிக்கு மாணவரானார்.

மறு ஆண்டு எடின்பரோ மாநாட்டில், உலகத்து மிஷனெரித் தலைவர்கள் சுமார் 1,200 பேர் முன்னால், வெள்ளைக்கார மிஷனெரிகள் இந்தியரை நண்பராக நடத்துவதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதும் இதே மனிதர்தான். தாழ்மை என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். 1912 டிசம்பரில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1939இல் நிறைவேறிய டோர்ணக்கல் பேராலயம் இந்தியக் கட்டடக்கலை மரபுகளைத் தழுவி நிற்கிறது.

இன்னொருவர் லெஸ்லி நியூபிகின். இங்கிலாந்தில் பிறந்து, தமிழ் கற்று, 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை-இராமநாதபுரம் பேராயரானவர். அதற்கு முன் காஞ்சிபுரத்தில், இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் உட்கார்ந்து உபநிடதமும் சுவிசேஷமும் மாற்றி மாற்றி வாசித்தார். சென்னைப் பேராயராக இருந்து ஊர் திரும்பிய பிறகு, எழுபது வயதுக்கு மேல், பர்மிங்காமில் ஒரு சிறைச்சாலைக்கு எதிரே மூடப்படும் நிலையில் இருந்த சின்னச் சபைக்குப் போதகராகப் போனார். பேராயர் பட்டம் போதகர் வேலைக்கு அவருக்கு இடைஞ்சலாக இல்லை.

பேச வந்தீங்களா, உட்கார வந்தீங்களா

2015 செப்டம்பர். மூணாறில் போனஸை 20 சதவீதத்திலிருந்து பத்தாகக் குறைத்ததற்கு எதிராக ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர். அன்றைய நாள்கூலி 232 ரூபாய். கம்பெனியை எதிர்த்ததைவிட நாட்டை வியக்கவைத்தது வேறொன்று. தங்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே அவர்கள் கிட்டே விடவில்லை. எங்களுக்காகப் பேசுகிறோம் என்றவர்கள் எங்களிடம் எப்போது கேட்டீர்கள் என்பதுதான் அவர்கள் சண்டை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். நான்கு வார்த்தை ஆறுதலாகப் பேசலாம் என்று மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். நான் ஞானஸ்நான வகுப்பு எடுத்த ஒரு பெண் கூட்டத்திலிருந்து எழுந்து வந்தாள். "ஐயா, பேச வந்தீங்கன்னா சாயங்காலம் பஸ் இருக்கு. உட்கார வந்தீங்கன்னா இடம் இருக்கு."

உட்கார்ந்தேன். நாளுக்கு 21 கிலோ எடுத்தால்தான் கூலி, அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைப்பது சில்லறை, ஈரக் கொழுந்து சுமந்து தேய்ந்த முட்டி, வட்டிக்கடையில் அடகு இருக்கும் தாலி என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். கொழுந்தெடுப்பவளின் மகன் நான். அங்கே வருஷக்கணக்காகப் பிரசங்கித்திருக்கிறேன். கிலோக்கணக்கை ஒருநாளும் கேட்டதில்லை. 13ஆம் தேதி கோரிக்கை ஏற்கப்பட்டது, போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் கிடைத்தது. அன்று தொண்ணூற்றொரு வயது எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் வந்து அவர்களோடு உட்கார்ந்ததை நாடே பார்த்தது.

அன்று பேசாமல் உட்கார்ந்ததை நினைத்தால் கால் கழுவும் சடங்கு ஞாபகம் வருகிறது. கத்தோலிக்கக் கோயில்களில் பெரிய வியாழனன்று குருவானவர் பன்னிரண்டு பேர் கால்களைக் கழுவுவார். 2013இல் போப் பிரான்சிஸ் ரோமாபுரியில் ஒரு சிறார் சிறைக்குப் போய், பெண்களும் முஸ்லிம்களும் உட்பட, பன்னிரண்டு பேர் கால்களைக் கழுவினார். 2016 ஜனவரியில் அந்தச் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று விதியையே மாற்றினார். நல்ல காரியம். ஆனால் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவிய அந்த முதல் சம்பவத்தில் பேதுருவைக் கவனியுங்கள். அவருக்குக் கழுவுவது கஷ்டமாக இல்லை, தன் காலை நீட்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. தண்ணீர் ஊற்றும் கை எங்களைப் போன்றவர்களுக்கு எளிதில் பழகிவிடும். நம் அழுக்கு இன்னொருவர் கண்ணில் படும்படி காலை நீட்டுவதற்குத்தான் மனம் வராது.

பின்வரிசை

சில மாதங்களுக்கு முன், பழைய எஸ்டேட்டில் ஒரு ஞாயிறு பிரசங்கத்துக்கு அழைத்திருந்தார்கள். கவாத்து உவமையையே சொன்னேன். கத்தி, சாய்வு வெட்டு, மூச்சுக் கிளை, எல்லாம். நாற்பது வருஷமாகத் தீட்டிய பிரசங்கம். நன்றாகப் போனது என்றுதான் நினைத்தேன்.

வாசலில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் நின்றாள். "ஐயா, ஒண்ணு சொல்லலாமா? இப்ப கவாத்து கத்தியில இல்ல, மெஷின்ல. அப்புறம், பின்னாடி நாலு வரிசை உட்கார்ந்திருந்தாங்கல்ல, அவங்க ஜார்கண்ட்காரங்க. எங்க லயத்துல இப்ப பாதி அவங்கதான். நீங்க பேசினதுல ஒரு வார்த்தை அவங்களுக்குப் புரியல. பாட்டுக்கு மட்டும் கை தட்டுனாங்க."

பின்வரிசையை நான் பார்த்தேன். அவர்கள் சிரித்த முகமாக இருந்ததையும் பார்த்தேன். கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

வலித்தது. இந்த வயதிலும் வலிக்கிறது என்பதில் எனக்கே ஆச்சரியம். கத்தி கூர்மையாகத்தான் இருந்தது. ஒரே வெட்டு, சாய்வாக.

ஊருக்குத் திரும்பும்போது உடுமலை பஸ் நிலையத்தில் நான்கு கோடு போட்ட நோட்டு ஒன்றும் பென்சிலும் வாங்கினேன். "பேரப்பிள்ளைக்கா?" என்றார் கடைக்காரர். எனக்குத்தான் என்றேன். இந்தி எழுத்தில் இப்போது 'க' வரிசையில் இருக்கிறேன். அந்தப் பெண்ணின் லயத்தில் குடியிருக்கும் ஜார்கண்ட்காரர் ஒருவர் சாயங்காலம் போனில் கூப்பிட்டு உச்சரிப்பைத் திருத்துகிறார். அவருக்கு என் வயதில் பாதி. என்னை 'சாச்சா' என்கிறார். தப்பாகச் சொன்னால் சத்தமாகச் சிரிக்கிறார்.